ஓரிக்கையில் இறங்கிய கப்பல்காரர்

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை பார்த்தேன். அவருடைய கடைசிப் பயணத்தில் கப்பல் முதலாளி கப்பலையே கைவிட்டுவிட்டான். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, இறங்க அனுமதியில்லாமல், நல்ல தண்ணீரும் டீசலும் குறைந்துகொண்டே வர, மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடந்தார்கள். ஒரு புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து கப்பல் பாறைப் பக்கம் போய்விட்டதாம். அதைக்கூட அவர் பிற்பாடுதான் சொன்னார்.

சிக்னல் கிடைக்கும்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். தன் கஷ்டம் எதுவும் அதில் இருக்காது. கப்பலின் தலைமை இன்ஜினீயர் கிரேக்க நாட்டுக்காரர். அவர் சொன்ன பழைய காவியக் கதையைத்தான் என் கணவர் எனக்குத் துண்டு துண்டாக அனுப்பினார். போர் முடித்து ஊருக்குப் புறப்பட்ட ஒரு ராஜா. வழியில் ஒற்றைக்கண் அரக்கன் கூட்டாளிகளைப் பிடித்துத் தின்கிறான். காற்றையெல்லாம் அடைத்து வைத்த தோல்பையை, ராஜா தூங்கும் நேரத்தில் உடன் வந்தவர்களே அவிழ்த்துவிட, புயல் கிளம்புகிறது.

"சொந்த ஊரு அடுப்புப் புகை தெரியுதும்மா. அங்க வந்துட்டு மறுபடியும் நடுக்கடலுக்குப் போயிட்டாரு" என்றதோடு அன்றைய மெசேஜ் முடிந்தது.

எங்கள் வீடு இருந்த பிள்ளையார்பாளையத்திலிருந்து கடைக்கு நடக்கும்போது அதைக் கேட்டுக்கொண்டே போவேன். தறிச் சத்தத்தில் விட்டுப்போனதைத் திரும்பப் போட்டுக் கேட்பேன்.

கடைசியாக வந்ததில் ராஜா தனியாளாகத் தன் கரையில் இறங்கிவிட்டான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. அவரைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்டும் போனை எடுக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் துணை என் நாத்தனார்தான். என் கணவரின் அக்கா, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இருந்தார். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். காமாட்சியம்மன் கோயில் பிராகாரத்தில் அவர் மடியில் முகம் புதைத்து அழுதிருக்கிறேன். "வந்துடுவான், அழாதம்மா" என்று முதுகைத் தடவிக் கொடுப்பார். நடுநடுவே ஏதாவது கேட்பார்.

"கடையிலேர்ந்து யாரும்மா கொண்டாந்து வுடறாங்க?"

"கடை வேன்தான்க்கா. முகூர்த்த சீசன்ல லேட்டாவுது."

"டிரைவரு வயசுப் பையனா?"

என்மேல் உள்ள அக்கறை என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் குங்குமத்தை நாத்தனாருக்கும் கொடுக்கலாமென்று, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஓரிக்கைக்குப் போனேன். வாசல் கொடியில், என் கணவர் அனுப்பிய படங்களில் பார்த்த ஆரஞ்சு நிறக் கப்பல் உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

தாடியும் ஒட்டிய கன்னமுமாக அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"எப்ப வந்தீங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார். நாத்தனார் ரசக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கள ஊருக்கு அனுப்பிட்டாங்க. அமாவாசைக்கு முன்னாடியே வந்துட்டேன்" என்றார் அவர்.

அந்த அமாவாசைக்குத்தான் அவர் உயிரோடு வரவேண்டுமென்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தவர் இதே நாத்தனார்.

"வூட்டுக்கு ஏன் வரல?"

"நீ வேன் டிரைவரோட பேசிக்கினு இருக்கறன்னு ஊர்க்காரன் ஒருத்தன் போன்ல சொன்னாம்மா. மனசு கேக்கல. அக்காவ வுட்டு விசாரிச்சேன். நானும் ஹெல்மெட் போட்டுக்கினு கடை எதுர்ல நின்னு பாத்தேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

நான் வாசல் பக்கம் திரும்பியதும் அவருக்கே பயம் வந்துவிட்டது. "அந்த ராஜாவே அப்டித்தாம்மா. பிச்சைக்காரன் மாதிரி போயி, பொண்டாட்டி எப்டி இருக்கறான்னு பாத்துட்டுதான் தான் யாருன்னு சொன்னாரு."

"ராணி இன்னா சொன்னா?"

"கட்டிப் புடிச்சிக்கினு அழுதாளாம்."

"கோவப்படலையா?"

கையில் பிசைந்த சோற்றோடு யோசித்தார். "அத இன்ஜினீயரு சொல்லலியே."

நான் முன்னால் வந்துவிட, அன்று சாயங்காலம் அவர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கினார். அப்போதுதான் கப்பலிலிருந்து நேராக வருகிறார் என்று தெருவே நம்பியது. நாத்தனார் ஆரத்தித் தட்டை என் கையில் திணித்தார். சுற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என் விரதத்தைப் பற்றிப் பேசிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை. என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. நாத்தனார் விசேஷங்களுக்கு வருவார். காபி கொடுப்பேன், பக்கத்தில் உட்கார மாட்டேன். சில நாள் என் கணவர் வேலையிலிருந்து வர நேரமாகும், போனும் அணைந்திருக்கும். பஸ் விபத்தோ உடம்புக்கு முடியவில்லையோ என்று இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதில்லை. ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன்.