என் ரோஸ் நிறக் கொசுவலையைத் திருடியவர்கள்

நான் எழுதிய ஒன்று என்னுடையதுதான் என்று ஓர் இயந்திரம் நம்புவதற்காக, அதை நானே மாற்றி எழுத வேண்டுமா? சில வாரங்களாக இந்தக் கேள்வியோடுதான் பால் காய்ச்சுகிறேன், துணி மடிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழில் ஒரு பக்கம் எழுதுவதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடும். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இது சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மகள் பிறந்த பிறகு, அவள் தூங்கும் நேரத்தில், சின்னதாக ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். இங்கே குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பது குன்னன்காய்க் குறுக்கு. குன்னன் என்ற சின்ன வாழைக்காயைத் தோல் சீவி, வெயிலில் உலர்த்தி, பொடித்துக் காய்ச்சும் கூழ். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய பெண்களுக்கு அது தெரியாதே என்றுதான் முதல் கட்டுரையை அதைப் பற்றி எழுதினேன்.

எழுதும்போதே ஒரு பயம் இருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் பொதுவான விதி. என் மகளுக்கு எடை ஏறவில்லை. டாக்டர் அவளை அடிக்கடி வரச்சொல்லிப் பார்த்து, நான்கு மாதம் முடிந்ததும் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். அதை எழுதிய கையோடு, "இது என் மகளுக்கு மட்டும் சொன்னது, தயவுசெய்து யாரும் இதைப் பார்த்துச் செய்யாதீர்கள்" என்றும் எழுதினேன். அது போதாதோ என்று கடைசியிலும் ஒரு தடவை எழுதினேன்.

அந்தக் கட்டுரை களவு போனது கொசுவலையால்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மாடியில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் குடியிருக்கிறாள். கணவன் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நான்கு மாதம் முடியப்போகும் பையன் அவள் இடுப்பில். ஒரு காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ரோஸ் கலர் கொசுவலை இங்க எங்க கெடைக்கும்?"

"கொசு அவ்வளவு கடிக்குதா?"

"கொசுவுக்கு இல்லக்கா. வாழைக்காய் காயப்போட."

"வாழைக்காயைக் கொசு கடிக்குமா?" என்று சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. போன்ல போட்டிருக்கு, ரோஸ்தான் வேணுமாம். எங்க வீட்டுக்காரரு கடை கடையா ஏறி எறங்கிட்டு, நீலந்தான் இருக்கு, உன் புள்ளைக்கு நீலம் ஒத்துக்குமான்னு கேட்டுக்கிட்டு வந்து நிக்காரு."

போனை வாங்கிப் படித்தேன். "காக்கை கொத்தாமல் இருக்க, ரோஸ் நிறக் கொசுவலையால் மூடி உலர்த்த வேண்டும்." நான் எழுதியது, எங்கள் மொட்டைமாடியில் காக்கைக்குப் பயந்து, கிழிந்துபோன ஒரு பழைய ரோஸ் கொசுவலையைப் போட்டு மூடினேன் என்று. என் கிழிந்த வலை செய்முறை ஆகியிருந்தது. மேலும் கீழும் தள்ளிப் படித்தேன். எல்லாம் என் வரிகள். 'நான்' இருந்த இடத்தில் எல்லாம் 'தாய்மார்கள்'. என் மகள் 'குழந்தை' ஆகிவிட்டாள். நான் இரண்டு தடவை எழுதிய எச்சரிக்கை இரண்டு இடத்திலும் இல்லை. அதற்குப் பதிலாகத் தடித்த எழுத்தில், "நான்கு மாதம் முடிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்."

"கொடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. வலை கெடைக்கலியே."

வாசற்படியில் உட்கார்ந்தேன். கொடுக்காதே, முதலில் டாக்டரிடம் கேள், இதை எழுதியது நான்தான், நான் அப்படி எழுதவே இல்லை என்று என்னென்னவோ சொன்னேன்.

அவள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களா? இதுல டாக்டர் போட்டோ இருக்கேக்கா. கழுத்துல குழாயெல்லாம் மாட்டியிருக்காரு."

"அந்தக் குழாய் மாட்டினவர் ஒரு வாழைக்காய்கூடச் சீவியிருக்க மாட்டார்."

"சரி, ஒங்களுது எங்க, காட்டுங்க."

போனில் தேடினேன். முதலில் அந்த டாக்டர் போட்டோ போட்ட பக்கம் வந்தது. கீழே போகப் போக வேறு யார் யாரோ வந்தார்கள், நான் வரவில்லை. கடைசியில், ஏற்கெனவே காட்டியதைப் போலவே இருக்கும் சிலவற்றை விட்டுவிட்டோம் என்று ஒரு சின்ன வரி. அதைத் தட்டிய பிறகுதான் என் பக்கம் தலைகாட்டியது. அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கள்ளமில்லாமல் கேட்டாள்: "அப்ப அவங்களதப் பாத்து நீங்க எழுதுனீங்களாக்கா?"

யார் மீதும் எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. அவள் மீது அல்ல, பாவம்.

என் கணவரின் தம்பி கலூரில் வெப்சைட் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனைச் சாப்பிடவே விடாமல் கேட்டேன்.

"அண்ணி, ரெண்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தா, தேடித் தர்ற மெஷின் ஒண்ணைத்தான் காட்டும். யாருது அசல்னு அது கண்டுபிடிக்கணும். அவங்க பெரிய சைட், தினமும் ஆயிரம் பேர் வர்றாங்க. நீங்க மாசத்துக்கு ஒண்ணு எழுதறீங்க. அது என்ன நினைக்கும்?"

"என்ன நினைக்கும்?"

"நீங்கதான் காப்பி."

"நான் முதல்ல எழுதினேன்டா! தேதி இருக்கே!"

"தேதியை யார் வேணும்னாலும் மாத்தலாம் அண்ணி. அந்தத் தேடல் கம்பெனிக்குப் புகார் கொடுங்க. அது எப்ப முடியும்னு தெரியாது. அதுவரைக்கும் உங்க பக்கத்தை மாத்தி எழுதுங்க. வரிசையை மாத்துங்க, புது போட்டோ போடுங்க. வலையை நீலம்னு போட்டாக்கூடப் போதும், மெஷினுக்குப் புதுசாத் தெரியும்."

"அது ரோஸ்."

"எனக்குத் தெரியும் அண்ணி. மெஷினுக்குத் தெரியாதே. சாம்பார் கொஞ்சம் விடறீங்களா?"

நகையைப் பறிகொடுத்தவளிடம், இருக்கிற நகையையும் உருக்கி வேறு டிசைனில் செய்து போட்டுக்கொள், இல்லாவிட்டால் உன்னைத் திருடி என்பார்கள் என்று சொல்வது போல இருந்தது. ஆனாலும் சொன்னதைச் செய்து பழகிய உடம்பு. மறுநாள் உட்கார்ந்தேன். முதல் வரியை மாற்றினேன். இரண்டாவது வரியில், மகள் முதல் வாய்க் கூழைத் துப்பிவிட்டு என் மூக்கைப் பிடித்து இழுத்தது வந்தது. அதை வேறு எப்படி எழுதுவது? காதைப் பிடித்தாள் என்றா? நடந்தது மூக்கு. மடிக்கணினியை மூடிவிட்டேன்.

புகார் கொடுத்தேன். அந்த சைட்டுக்கும் எழுதினேன். மன்னிப்பு வரும் என்று நினைத்தேன். மரியாதையாக ஒரு பதில்தான் வந்தது. நான் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், உடனே நான்கு மாதத்தை ஆறு மாதமாக மாற்றுவார்களாம். அடியில் 'நன்றி' என்று போட்டு என் பக்கத்துக்கு ஓர் இணைப்பும் கொடுப்பார்களாம். இல்லையென்றால் புகார் முடியும் வரை அதில் கை வைக்க முடியாதாம். தவறு என்று தெரிந்த பிறகும், ஒரு எண்ணை மாற்றுவதற்கு என்னிடம் பேரம்!

ஏலூர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் காட்டினேன். சாயாவை ஆற்றிக்கொண்டே படித்தார்.

"ஆறுன்னு மாத்தறேன்னு சொல்றான்ல? அது மதி, அது போதும். விடு. உனக்கென்ன, பேரும் புகழுமா வேணும்?"

"பேர் வேண்டாம். களவெடுத்தவன் எனக்கு நன்றி சொல்றான், அதை வாங்கிண்டு சும்மா இருக்கணுமா?"

"நீ சும்மா இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். பிள்ளைகளோட காரியம் அல்லே, அதை யோசி."

அதைத்தான் யோசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொசுவலை கிடைக்கவில்லை, அதனால் அவள் என்னிடம் வந்தாள். வீட்டிலேயே ரோஸ் வலை வைத்திருக்கும் ஒருத்தி யாரிடமும் கேட்காமல் இந்நேரம் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கலாம். புகாரைத் திரும்பப் பெற்றால் இன்றைக்கே அந்த எண் மாறிவிடும். ஆனால் என் வரிகள் அவர்களுடையதாகவே முதலிடத்தில் நிற்கும். நான் காணாமல் போவேன், அல்லது நீல வலை என்று பொய் எழுதிக்கொண்டு திரும்பி வருவேன். நாளைக்கு நான் எழுதும் அடுத்த எச்சரிக்கையையும் அவர்கள் வெட்டி எறிவார்கள். அப்போது யாரிடம் போவது? திரும்பப் பெறாவிட்டால், அதனால் ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டால், அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டா?

அவர்கள் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் யாராவது இந்த மாதிரி அகப்பட்டு வெளியே வந்திருந்தால் சொல்லுங்கள். புகாரை விடாமலே அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்ற வைக்க வழி உண்டா? கட்டுரையில் நடந்ததை மாற்றாமல், அது என்னுடையது என்று காட்டும் வழி உண்டா? என்ன பதில் போடட்டும்?