மலைச்சாலையில் இழுபட்ட கிளை

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் புனா கேம்ப்பில் என் பேக்கரி வாசலில் வந்து நிற்கிற கார்களைப் பார்த்துவிட்டு யாராவது என்னைப் படிக்காதவன் என்று சொல்லட்டும், பார்க்கலாம். அந்தக் கட்டிடம் முழுக்க என் இரண்டு கால்களும் சைக்கிள் மிதித்து எழுப்பியது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வேறொருவர் பேக்கரியில் ஆள். பாவ் ரொட்டியும் உப்புக் காரி பிஸ்கட்டும் அடைத்த தகரப் பெட்டியைக் கேரியரில் கட்டி மலைக்கு மேலே இருந்த ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய் விற்பேன். அந்த ஊருக்கு மூன்று வழி. ஹடப்ஸர் தாண்டி திவே காட் என்ற மலைச்சாலை ஏறுவது ஒன்று. தார்ச்சாலை, ஆனால் பாம்பு போல வளைந்துகொண்டே போகும். கோந்த்வாவிலிருந்து போப்தேவ் மேடு ஏறுவது இன்னொன்று. தூரம் குறைவு, செங்குத்து அதிகம், பாதி வழிக்குக் கல்லும் செம்மண்ணும்தான். மூன்றாவது, உருளிப் பக்கமாகச் சுற்றி வருவது. அது உடம்பு முடியாதவர்களுக்கு.

நான் திவே காட் வழி. அடிவாரத்தில் பெடலில் கால் வைத்தால் உச்சியில்தான் எடுப்பேன். வெறும் சைக்கிளை ஏற்றவே ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மேடு. லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. நான் சுமையோடு, யாரையும் பிடிக்காமல், மழையிலும் ஏறினேன். அந்தக் காலத்தில் அதைச் செய்த வேறு ஆள் இருந்தால் எனக்குத் தெரியாது.

நான் ஏறுகிற நேரத்தில் அந்தக் கிராமத்துப் பால்காரர் ஒருவர் இறங்குவார். ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பித்தளைக் கேன். கேம்ப்பில் எங்கள் தமிழ் ஊர்க்காரர் ஒருவர் நடத்திய டீக்கடைக்குத்தான் பால் போடுவார். மழைக்காலத்தில் நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்காது. அதனால் உச்சியில் ஒரு கருவேலங்கிளையை வெட்டி, கயிற்றில் கட்டி, சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே இறங்குவார். கிளை தாரில் உரசி வண்டியை வேகம் எடுக்கவிடாது. தென்னந்துடைப்பத்தால் பெரிய முற்றத்தைப் பெருக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அடிவாரம் வந்ததும் கிளையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவார்.

நடுவழியில் கைப்பிடிச் சுவர் வைத்த ஒரு வளைவு. அநேகமாக அங்கேதான் சந்திப்போம். அவர் இரண்டு முறை மணி அடிப்பார். நான் கையைத் தூக்கி "ராம் ராம்" என்பேன். "ராம் ராம், தாதா" என்று பதில் வரும். தாதா என்றால் அங்கே அண்ணன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒரு ஆஷாட மாதக் காலை. என் முன்சக்கரமே எனக்குத் தெரியாத மூடுபனி. அந்த வளைவில் மேலேயிருந்து பெருக்குகிற சத்தம் வந்தது. மணி இரண்டு முறை அடித்தது. கைக்கெட்டும் தூரத்தில் என்னைத் தாண்டிக் கீழே போனது. கையைத் தூக்கி ராம் ராம் சொன்னேன். பதில் இல்லை. வழுக்கலில் கவனமாக இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அன்று டீக்கடைக்குப் பால் வரவில்லை. ஆள் வீட்டுக்கும் திரும்பவில்லை.

மறுநாள் கிராமத்துச் சாவடியில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். நான் தலைநிமிர்ந்து சொன்னேன்: "வளைவுல என்னைத் தாண்டிக் கீழ போனார். என் காது பொய் சொல்லாது." என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது. ஆகவே வளைவுக்குக் கீழே மட்டும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அடிவாரத்தில் அவர் போட்ட கிளையும் இல்லை. யாராவது விறகுக்கு எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். பம்பாய் மில் வேலைக்குப் போகணும் என்று அவர் எப்போதோ சொன்னது எல்லோருக்கும் நினைவு வந்தது. ஆள் ஓடிவிட்டான் என்று முடிவாயிற்று.

அந்த முடிவு அவர் மனைவியின் தலையில் விழுந்தது. நான் அவளை வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். அவள் பேசியது மராட்டிதான். என் காதில் தமிழாக விழுந்தபடியே எழுதுகிறேன்.

நான் பாவ் எண்ணிக் கொடுக்கும்போதே உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வரும். "ரெண்டு போதும்னு சொல்லு. தின்ன ஆள் எங்க இருக்கு? புருஷனைத் துரத்தி விட்டவளுக்குப் பாவ் ஒரு கேடு."

வஹினி என்னிடம் மெதுவாகக் கேட்பாள். "கீழதான் போனாரா, தாதா?"

"கீழதான், வஹினி."

"அப்போ உயிரோட இருக்கார்."

அவள் வளையல் கையில் இருந்தது. ஊர்ப் பேச்சிலும் அவள் இருந்தாள். கிணற்றடியில் அவளுக்கு இடம் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மழை முடிவதற்குள் இன்னொரு மூடுபனிக் காலை வந்தது. அதே வளைவு. மேலேயிருந்து பெருக்குகிற சத்தம். இரண்டு முறை மணிச் சத்தம். என்னைத் தாண்டிக் கீழே போனது. சைக்கிளைச் சட்டென்று திருப்பிப் பார்த்தேன். ஈரத் தாரில் ஒரு இலை இல்லை, ஒரு கீறல் இல்லை.

டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஓய், மேடு ஏறும்போது ஒம்ம மூச்சு இரைக்கிறதே ஒமக்குப் பெருக்குற சத்தமாத்தான் கேக்கும். எறங்கித் தள்ளும்னா கேக்க மாட்டீரு."

"நான் எறங்கித் தள்ளுற ஆளா, வே?"

"அப்பக் கேட்டுக்கிட்டே ஏறும்."

மூன்றாம் தடவையும் கேட்டது. ஆளே இல்லாமல் சத்தம் வருகிறது என்றால், முதல் நாள் நான் கேட்டது என்ன? அந்தச் சத்தத்தை நம்பித்தானே ஒரு ஊரே அவளைப் பேசுகிறது. நேரே போய் வஹினியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "பனி இறங்குற நாள்ல நானும் வரேன்" என்றாள்.

அப்படியே ஒரு நாள் வந்தாள். உச்சியிலிருந்து நடந்து இறங்கி எனக்கு முன்னாலேயே வளைவில் நின்றிருந்தாள், தலையில் மழைக்குக் கோணியை முக்காடாகக் கொங்காணி போட்டுக்கொண்டு. நான் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தேன். அவள் எதிர்ப்புறம், மலைப் பக்கம். நடுவே சாலை.

வந்தது. முதலில் தூரத்தில், பிறகு மேல் வளைவில், பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில். மணி இரண்டு தரம் அடித்தது. என் கை தானாக மேலே போயிற்று. அவள் சாலையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவா?"

"இப்பத்தான் தாண்டிப் போச்சு."

"எனக்கு மழை மட்டும்தான் கேட்டுது." கீழே போகிற சாலையைப் பார்த்தாள். "அன்னிக்கும் இதே மாதிரியா?"

"இதே மாதிரி. ஒரு வித்தியாசமும் இல்ல."

"ராம் ராம் சொன்னீங்களா?"

"சொன்னேன். பதில் வரல."

"ராம் ராமுக்குப் பதில் சொல்லாமப் போற மனுஷனா அவர்?" அவள் கோணியைச் சரி செய்துகொண்டு மேலே கைகாட்டினாள். "அன்னிக்கு உங்களைத் தாண்டினது அவர் இல்ல, தாதா. அவர் இங்கேயிருந்து மேல எங்கயோதான் இருக்கார். கீழ எறங்கவே இல்ல."

எத்தனை மழை பார்த்த ஆள் நான், அன்றுதான் குளிர்ந்தது.

வளைவுக்கு மேலே யாரும் அதுவரை தேடவில்லை, என் வார்த்தையால். அவள் மைத்துனர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வளைவு தாண்டி, உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த ஓடையில் முதலில் பித்தளைக் கேன் தெரிந்தது. பிறகு சைக்கிள், கயிறு இன்னும் கட்டியபடி. மீதியை நான் எழுதப்போவதில்லை.

வளையலை உடைத்தார்கள். மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொன்னார்கள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேச்சு அன்றோடு நின்றது. அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

காரியம் முடிந்து நான் மறுபடி பாவ் கொண்டுபோனபோது கேட்டாள். "இன்னும் கேக்குதா, தாதா?"

"இல்ல, வஹினி. நின்னு போச்சு."

அன்று காலையும் கேட்டிருந்தது. பனி இல்லை, மழை இல்லை, நல்ல வெயில்.

அடுத்த வாரத்திலிருந்து போப்தேவ் வழியாக ஏற ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், திவே காட் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது, பாவ் பெட்டியோடு போப்தேவ் ஏறுகிற ஆம்பிளை புனாவில் யார் இருக்கிறார் என்றேன். நம்பினார்கள். ஏறவும் ஏறினேன், அது பொய்யில்லை.

வஹினி வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். அவள் பாவை வாங்கிக்கொண்டு என் சக்கரங்களைப் பார்த்தாள். இரண்டிலும் செம்மண் அப்பியிருந்தது. உள்ளே போய் ஒரு லோட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்தப் பக்கம் கல்லு ஜாஸ்தி" என்றாள். "பார்த்துப் போங்க."