ஜாமர் என்றொரு சாட்டு

எங்கள் மனேஜர் லண்டனில் படித்தவர். அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடி வீடு, கொள்ளுப்பிட்டியில் ஏசி அறை, வாய் நிறைய ஆங்கிலம். அவர் எழுதிய புரோகிராம் மட்டும் குப்பை.

கொட்டாஞ்சேனையில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் குளிரறைக்கு நாங்கள் எட்டு வெப்பமானிகள் பூட்டியிருந்தோம். அவை வயர்லெஸ்ஸில் அளவுகளை அனுப்பும். கடை முகப்பில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சிப் அவற்றை வாங்கித் திரையில் காட்டும். சூடு ஏறினால் சைரன் அடிக்கும். ஆனால் வியாபாரியின் மனம் குளிரறையில் இல்லை. வேலைக்குப் போன அவருடைய ஒரே மகனைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, விசாரணை என்று உள்ளே வைத்திருந்தார்கள். மனிதர் காலையில் சட்டத்தரணி வீடு, பின்னேரம் யாராவது பெரிய மனிதர் வாசல் என்று அலைந்துகொண்டிருந்தார். அந்த அலைச்சலுக்கு நடுவில் எங்கள் சைரன் வேறு நினைத்தபடி ஊளையிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்து வீதி. சத்தம் கேட்டால் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் துவக்கோடு ஓடி வருவார்கள். மகனை விசாரணைக்குப் பறிகொடுத்து நின்றவர் அவர்களுக்குச் சிங்களத்தில் வெப்பமானியை விளங்கப்படுத்துவார்.

மனேஜர் ஒருமுறைகூடப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. “இது ஆமிக்காரன்ர ஜாமர், முதலாளி. நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் யாராவது முக்கியமானவர் வீதியால் போனால், அலைகளை மறிக்கும் ஜாமரால் கைத்தொலைபேசிகள் செத்துப்போகும். அதிலிருந்து எதற்கும் ஜாமர்தான் காரணம். டிவி இரைந்தாலும் ஜாமர், தண்ணீர் மோட்டார் நின்றாலும் ஜாமர். உண்மையா என்று ஆமியிடம் போய்க் கேட்க எந்தத் தமிழனுக்குத் துணிவு வரும்? சோம்பேறிகளுக்கு இதைவிடத் தோதான சாட்டு கிடைக்காது. அவருக்குத் தலையாட்டிய மற்றப் பொறியியலாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் பெட்டியைத் திறந்தேன். வெப்பமானிகள் மளமளவென்று எழுத்தெழுத்தாக அனுப்பிக்கொண்டிருந்தன. மனேஜரின் புரோகிராமோ திரையை அழித்து, எழுதி, சற்று நேரம் சும்மா இருந்து, அதற்குப் பிறகுதான் என்ன வந்தது என்று எட்டிப் பார்த்தது. தபால்காரன் வாசலில் நிற்க, வீட்டுக்காரர் ஆறுதலாகச் சவரம் செய்கிற மாதிரி. வந்ததைப் பிடித்து வைக்கச் சிப்பில் இருந்த இடம் துளியளவு. அது நிரம்பினால் மிச்சம் தொலையும். 4.1 என்று வருவதில் புள்ளி தொலைந்தால் 41. மருந்து அவிகிறதென்று சைரன் அலறும். அரைகுறையாகக் கேட்டதை முழுசென்று நம்புவதில் அந்தப் புரோகிராம் அப்படியே அதை எழுதியவரைப் போல.

திருத்துவது பெரிய வித்தையல்ல. ஓர் எழுத்து வந்த கணமே சிப் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதை வாங்கி ஒரு நீண்ட வரிசையில் சேர்க்க வேண்டும். திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செய்திக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி, சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை வைத்தேன். ஒன்று பொருந்தாவிட்டாலும் முழுச் செய்தியையும் வீசிவிடலாம். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்தது வரும். மனேஜர் கேட்டுவிட்டு, புதிய புரோகிராமைப் போடலாம், ஆனால் பிழை எங்களுடையது என்று கடையில் வாய் திறக்கக்கூடாது என்றார். போட்டேன். சைரன் அடங்கிவிட்டது.

அடுத்த கிழமை இருவரும் கடைக்குப் போனோம். எப்படி நின்றது என்று வியாபாரி கேட்டார். மனேஜர் தேநீரைக் கலக்கியபடி, மேலிடத்தில் தனக்கு ஒருவர் பழக்கம் என்றும், ஒரு டெலிபோன் கோல் எடுத்து ஜாமரை வேறு பக்கம் திருப்பச் சொன்னதாகவும் அளந்தார்.

வியாபாரி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். “சார், அவர்கிட்ட என் மகனப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மானமுள்ளவன் அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருப்பான். இவர் தேநீரைக் குடித்து முடித்து, “பாப்பம் முதலாளி” என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் தனியாகப் போய், ஜாமரும் இல்லை, மேலிடமும் இல்லை, பிழை எங்கள் புரோகிராமில்தான் இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளிய சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருப்பாரு. எனக்குப் புரியுது தம்பி.”

அதற்குப் பிறகு அவர் அந்த மேலிடத்தையே நம்பி, சட்டத்தரணியிடம் போவதையும் நிறுத்திவிட்டார்.