செங்கலடி மாநாட்டில் ஏழு கழுத்தட்டைகள்

அரசாங்கப் பரீட்சைகளுக்கு மண்டப மேற்பார்வையாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் கடமையாற்றியவன் நான். களுவாஞ்சிக்குடியிலும் அயலிலும் என் பொறுப்பிலிருந்த மண்டபங்களைப் பற்றி ஒரு முறைப்பாட்டுக் கடிதமேனும் எழுதப்பட்டதில்லை. என் சகோதரியின் மகள் நிரோஷா, மாநாடுகளில் வருகைப் பதிவையும் தொழில் சந்திப்புகளையும் ஒழுங்குசெய்து கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறாள். செங்கலடியில் நடக்கவிருந்த தகவல் தொழில்நுட்ப மாநாட்டின் பதிவு மேசையில், ஊர் அறிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, அந்தப் பத்தொன்பது ஆண்டுகளின் பேரிலேயே இணங்கினேன்.

காலை 5.15. மண்டூர்த் துறையிலிருந்து குருமண்வெளிக்குப் ‘பாதை’ புறப்பட்டது. வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பகுதியில் அப்படித்தான் அழைப்போம். கட்டணம் இருபது ரூபாய். இயந்திரம் பூட்டாத காலத்தில், முத்திரையிட்ட விடைத்தாள் பொதியை மடியில் வைத்து, பக்கத்தில் ஒரு பொலிஸ்காரருடன் இதே நீரைக் கடந்திருக்கிறேன். அப்போது கரை வந்து சேர அதிக நேரம் எடுத்தது. எனினும் அந்த நேரம் நீளமாகத் தோன்றியதில்லை.

“சேர், இண்டைக்கும் சோதினையா?” என்றார் பாதைக்காரர்.

“இல்லத் தம்பி, மாநாடு.”

“அப்ப கட்டு இல்லாமப் போறீங்க. வெறுங்கை உங்களுக்கு வடிவில்ல சேர்.”

அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது.

களுவாஞ்சிக்குடியில் 6.05க்குப் பேருந்து கிடைத்தது. மட்டக்களப்புக்கு ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீற்றர். கிரான்குளம், ஆரையம்பதி, காத்தான்குடி என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின. கல்லடிப் பாலத்தில் வண்டி நிற்காமலே ஏறி இறங்கியது. யுத்த காலத்தில் அங்கிருந்த சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையிலேந்தி, பொதியை மார்போடு அணைத்து நடந்திருக்கிறேன். அதைப் பிரித்துக் காட்டும்படி ஒருவரும் கேட்டதில்லை. அச்சம் நிறைந்த காலைகள்தாம். ஆயினும் அன்று என் கையில் எதை நம்பிக் கொடுத்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது, அக்காலைகள் மீது எனக்கு ஏக்கமே உண்டாகிறது.

மட்டக்களப்பில் பேருந்து மாறி, ஏறாவூர் கடந்து 7.50க்கு மண்டபத்தை அடைந்தேன். முந்நூறு கழுத்தட்டைகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன.

“மாமா, ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு கியூஆர் இரிக்கு. ஆர், ஆரை, எத்தினை மணிக்குச் சந்திக்கிற எண்டதெல்லாம் அதுக்குள்ளதான்,” என்றாள் நிரோஷா. “ஆளைப் பார்த்துக் குடுங்க. வேற ஒண்டும் இல்ல.”

அட்டையின் ஓரத்தில் பெயர் சிறிய ஆங்கில எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அதை வாசிக்க முடியாது.

8.40 அளவில், என்னோடு கல்லூரியில் படித்த சிவபாதம் வந்தார். சிறு உற்பத்தியாளர் சங்கமொன்றின் தலைவர். தம் அங்கத்தவர்களை வேனில் அழைத்து வந்திருந்தார்.

“மச்சான், எங்கட ஏழையும் தா. ஆக்கள் வேனுக்குள்ள இடியப்பம் சாப்பிடுறாங்க.”

“ஒவ்வொருத்தரா வரட்டும்.”

“ஏன், என்னை நம்ப ஏலாதா? கலியாணத்துக்கு ஒருத்தருக்குச் சொன்னா வீட்டுக்கே சொன்ன மாதிரித்தானே. நீ இன்னும் சோதினை மண்டபத்துக்குள்ளதான் நிக்கிறாய்!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏழு அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தேன்.

11.30க்கு, துணிப் பொதியோடு ஒரு பெண் மேசைக்கு வந்தார்.

“சேர், நான் ஹசீனா. காத்தான்குடி. நாலு தறி வெச்சிரிக்கன். பதினொண்டு இருவதுக்குக் கொழும்பு ஆளைச் சந்திக்கிற நேரம் தந்திருந்தாங்க. பதினொண்டேகாலுக்கே ஒன்பதாம் மேசைக்குப் போய் மிஷினில அட்டையை வெச்சா, நான் அரிசி மில்லாம்!”

“அரிசி மில்லா?”

“ஓம் சேர். நாலாம் மேசைக்குப் போகச் சொன்னாங்க. அங்க நெல்லுக் குத்துற மிஷின் விக்கிறாங்க. நான் என்னத்தக் குத்துற?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அது மண்டூரில் ஆலை நடத்தும் யோகேஸ்வரியின் அட்டை. சிவபாதம் தம் வேனின் முன் ஆசனத்திலிருந்து அட்டைகளைப் பின்னுக்கு அனுப்பியபோது, கைக்கு வந்ததை ஒவ்வொருவரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போவதற்கான துண்டு என்றே அவர்கள் நினைத்தார்கள்; அதை விளக்க வேண்டியவனைத்தான் அவர்கள் சந்திக்கவேயில்லையே.

ஹசீனாவின் கணவர் அடுத்த மாதம் கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்புகிறார். இனிமேல் வீடு அந்த நான்கு தறிகளை நம்பியே இருக்கும். இடைத்தரகர் இன்றி நேரடியாகச் சேலை வாங்கி இணையத்தில் விற்பவர், வந்தவர்களுள் அந்தக் கொழும்புக்காரர் ஒருவரே. நிரோஷாவையும் அழைத்துக்கொண்டு நாங்கள் ஒன்பதாம் மேசைக்குப் போனபோது அவர் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தார்.

“இவங்க வரல்லன்னு சிஸ்டத்துல இருக்கே ஐயா. எனக்கு இப்ப கிளம்பணும். அடுத்த வருஷம் பாப்போம்.”

நிரோஷா என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பின்னர் அவரிடம், “சொறி சேர், நெட்வேர்க் பிரச்சினை” என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார்.

பிற்பகல் 2.30க்குச் செங்கலடிச் சந்தியில் பேருந்து ஏறினேன். வேன் நிறைவு விழாவுக்குக் காத்திருந்ததால் ஹசீனாவும் அதே பேருந்தில் வந்தார். பொதி அவிழ்க்கப்படாமல் மடியில் இருந்தது.

“நெட்வேர்க் எண்டா ஆரை ஏசுற சேர்? அல்லாஹ்ட நாட்டம்,” என்றார். காத்தான்குடியில் இறங்கும்போது, “வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போகலாமே” என்றும் அழைத்தார். பிந்திவிடும் என்று மறுத்தேன். பிந்துவதற்கு எனக்கு எந்தக் காரியமும் இருக்கவில்லை.

குருமண்வெளியில் பாதை ஏறியபோது வாவி அசைவற்றிருந்தது. அதே நீர், அதே தூரம். முன்பெல்லாம் இந்த நேரத்தில் கடமை முடிந்த நிறைவோடு அக்கரையின் தென்னைகளைப் பார்ப்பேன். அன்று மரப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாநாட்டு ஏற்பாட்டாளர்களின் நன்றியறிக்கை, இணையக் கோளாறினால் சில சந்திப்புகள் தவறியதாகக் கூறுகிறது. ஹசீனா பிந்தி வந்தார் என்று சிவபாதம் சொல்லித் திரிகிறார். இக்கட்டுரையின் பிரதியொன்றை அந்தக் கொழும்புக்காரருக்கும் அனுப்பியிருக்கிறேன். நன்றியறிக்கை கூறுவதும் சிவபாதம் சொல்வதும் பிழை. இணைப்பு அன்று முழுவதும் சீராக இருந்தது. ஹசீனா 11.15க்கே ஒன்பதாம் மேசையின் முன் நின்றார். ஏழு அட்டைகளையும் ஆள் பாராமல் ஒரே கையில் கொடுத்தவன் நான்.