பிறை விழுந்த குண்டுகள்

நம்பாதவர்கள் என் சமையலறைக்கு வரலாம். ஜன்னலோரம் ஒரு ஊறுகாய் ஜாடியில் ஏழு துப்பாக்கிக் குண்டுகள் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம். எப்படி வந்தன என்று மட்டும் கேட்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா வில்ஃப்ரெட் ஃபெர்லாண்ட் ஒரு ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். வடக்கு வெர்மான்ட்டில் ஜனவரியில் செத்தவரைப் புதைக்க முடியாது. மண் பாறையாக உறைந்து கிடக்கும். சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் அதற்கென்றே கட்டிய கருங்கல் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மே மாதம் மண் இளகிய பிறகுதான் குழி. அதுவரை அப்பா அங்கே காத்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோதே அவருக்குப் பொறுமை கிடையாது.

அவர் விட்டுப்போன சொத்து குண்டு அழுத்திச் செய்யும் ஒரு பழைய பிரஸ். எங்கள் துப்பாக்கி கிளப்பில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் பலர் குண்டைத் தாங்களே செய்துகொள்வார்கள். செப்புக் குப்பிக்குள் ஈயத் துண்டைப் போட்டு அழுத்தி, எஃகு அச்சுக்குள் வைத்துக் கைப்பிடியை இழுக்க வேண்டும். நெருப்பே வேண்டாம். அழுத்தத்திலேயே கூர்முனை வந்துவிடும். அச்சின் உச்சியில் ஒரு மெல்லிய எஃகு ஊசி இருக்கும். அது குண்டின் மூக்கில் இடித்துத் தள்ளினால் குண்டு கையில் விழும், வெதுவெதுப்பாக.

அப்பாவின் ஊசிக்கு நுனி உடைந்திருந்தது. அவர் செய்த ஒவ்வொரு குண்டின் மூக்கிலும் பிறை மாதிரி ஒரு வடு இருக்கும். அதைப் பார்த்தே, "வில்ஃப்ரெட்டோடது" என்பார்கள்.

நான் மில்லில் வருடக்கணக்காக லேத்து ஓட்டுகிறவள். ஆனால் அந்தப் பிரஸைத் தொட அவர் என்னை விட்டதே இல்லை. "பொம்பளக் கை பட்டா குண்டு கோணிக்கும்டி, நாடின்" என்பார், கிளப்பில் எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரிப்பார்கள். என் தம்பி கஸ்ஸும் சிரிப்பான். ஒரு திருகாணியை நேராக முடுக்கத் தெரியாதவன் அவன். அவனுக்கு மட்டும் கைப்பிடி கிடைக்கும்.

அப்பாவுக்கான பிரார்த்தனை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தேன். பிரஸில் ஊசி இல்லை.

"ஊசி எங்கடா?"

"எனக்கென்ன தெரியும்? நீதானக்கா பெரிய லேத்துக்காரி."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பொய் சொல்லாத."

"சனிக்கிழமை பென்சில்வேனியாவுலேர்ந்து ஒருத்தன் வர்றான். பழைய பிரஸ்ஸா சேக்குறவன். தூக்கிட்டுப் போகட்டும், சனியன் விட்டுது."

"அதுக்குள்ள நான் ஓட வெச்சுட்டா?"

கஸ் சிரித்தான். அப்படியே அப்பாவின் சிரிப்பு. "உருப்படியா ஒரு குண்டு செஞ்சு காட்டு. நீயே வெச்சுக்க."

வேறு ஊசி கேட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். அந்தப் பிரஸைச் செய்த பட்டறை மூடிப் பல காலம் ஆகியிருந்தது. ஒரு பழைய சாமான் வியாபாரி, "ஏம்மா, டைனோசருக்குப் பல்லு கேக்குறீங்களே" என்றார்.

அதனால் லேத்தில் நானே ஊசி கடைந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைந்தேன். முதலில் செய்தவை ஒடிந்தன. கடைசியில் ஒன்று நின்றது. நுனியைக் கண்ணாடி போல மெருகேற்றினேன். ஊசித் தலையில் குத்துளியால் இரண்டு புள்ளி அடித்தேன். மில்லில் நான் செய்யும் எல்லாவற்றிலும் இருக்கும் என் அடையாளம் அது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிரஸ் இருந்த கொட்டகையில் நான் மட்டும். ஊசியை அச்சில் பொருத்தி முடுக்கிவிட்டு, குப்பிகளை எடுக்க வீட்டுக்குள் போய்த் திரும்பினேன்.

குப்பியைத் தொடுமுன் விரலில் லானோலின் தடவ வேண்டும். செம்மறியாட்டு ரோமத்துக் கொழுப்பு அது. அப்பா மேல் எப்போதும் அந்த வாடைதான்.

லானோலின் டப்பா திறந்திருந்தது.

கொழுப்பில் விரல் வழித்த தடம்... அகலமான விரல்.

கஸ்தான் ஏதோ கெடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து பார்த்தேன். பனியில் என் காலடிகள் மட்டுமே இருந்தன.

சரி. வேலையைப் பார்ப்போம். குப்பியும் ஈயமும் வைத்துக் கைப்பிடியை இழுத்தேன்.

கிர்ர்ர்... டக்.

குண்டு கையில் விழுந்தது. அழகான குண்டு. விளக்கில் தூக்கிப் பார்த்தேன்.

மூக்கில் பிறை.

இன்னொன்று செய்தேன். பிறை.

மூன்றாவது. பிறை.

"இது என் ஊசி!" கத்தினேன். "நான் செஞ்சது! கேக்குதா கெழவா? செத்தும் விட மாட்டியா நீ?"

கையை எடுத்துவிட்டேன். தள்ளி நின்றேன்.

கைப்பிடி மெல்ல மேலே போனது...

கிர்ர்ர்... டக்.

தட்டில் ஒரு குண்டு விழுந்தது.

கிர்ர்ர்... டக்.

வாடை. செம்மறி வாடை. என் தோளுக்குப் பின்னால்.

ஓடினேன்.

சமையலறைக் கதவைச் சாத்திய பிறகும் கேட்டது. இரண்டு முறை. பிறகு நின்றுவிட்டது.

காலையில் கஸ் வந்தான். தட்டில் ஏழு குண்டுகள். அவன் முன்னாலேயே அச்சைக் கழற்றினேன். உள்ளே இருந்தது நுனி உடைந்த ஊசி. அப்பாவுடையது.

"திருட்டு நாயே! என் ஊசிய எடுத்துட்டு இத வெச்சிருக்க!"

அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அக்கா... இது இங்க இருக்க முடியாதுக்கா. பெட்டி மூடறதுக்கு முன்னாடி அப்பா சட்டைப் பையில போட்டேன். அவர்தான் ஆஸ்பத்திரியில சத்தியம் வாங்கினாரு. நாடின் கைக்குப் போயிடக் கூடாதுன்னு."

கையில் இருந்த ஸ்பேனரை வீசினேன். அது அவன் காதை உரசிக்கொண்டு போனது. அப்பா மேல் இருந்த கோபம், அவன் மேல் இருந்த கோபம், எது எதுவென்று தெரியவில்லை. ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. பொய்யன், திருடன் என்று ஊரெல்லாம் சொன்னேன். பென்சில்வேனியாக்காரன் வெறுங்கையோடு போனான். பிரஸ் எனக்கு வந்தது, தம்பி போனான். மே மாதம் வரை நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை.

புதைக்கும் நாளன்று அவனாகவே வந்தான். "பெட்டியத் திறக்கச் சொல்லுக்கா. பையில ஊசி இருந்ததுக்குக் கறையாவது இருக்கும். நான் திருடன் இல்ல."

அடக்கம் செய்யும் கார்லிஸிடம்தான் அந்தக் கல் அறையின் சாவி இருந்தது. பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது, எண்ணெய் விட்டுத்தான் திறந்தார். பெட்டியின் திருகாணிகளை எவரும் தொட்டிருக்கவில்லை. மூடியைத் தூக்கினார்.

சட்டைப் பையில் ஒன்றுமில்லை. துணியில் ஒரு துருக்கோடு மட்டும், ஊசி நீளத்துக்கு.

கஸ் அழ ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாடின்..." கார்லிஸ் குரல் மாறியிருந்தது. "ரெண்டு கையையும் நான் விரிச்சுத்தான் வெச்சேன். எப்பவும் அப்படித்தான் வெப்பேன்."

அப்பாவின் வலது கை இறுக மூடியிருந்தது.

கார்லிஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். செம்மறி வாடை குப்பென்று வந்தது. உள்ளங்கையில் ஒரு ஊசி. உடையாத நுனி. கண்ணாடி போல மெருகு.

தலையில் இரண்டு புள்ளி.

பிடித்திருந்து வாங்கிக்கொண்டாரா... பொறுக்காமல் பிடுங்கிக்கொண்டாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கார்லிஸ் அதை என் கையில் வைத்தார்.

நாலு மாதம் குளிரில் கிடந்த எஃகு அது.

வெதுவெதுப்பாக இருந்தது.