வயிற்றைக் கிழி என்று கேட்டேன்

அடி வாங்கிக்கொண்டே சாமி கும்பிட்டிருக்கிறீர்களா? நான் கும்பிட்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில், சட்டை கிழிந்து, வாயில் ரத்தம் உப்புக் கரித்துக்கொண்டிருந்தபோது.

எனக்கு வீடு பீர்க்கன்கரணை. ஆக்டிங் டிரைவர். யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் காரை ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவதுதான் பிழைப்பு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு முதலாளி புதிதாக வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். தரையோடு தரையாகப் போகும் வண்டி. இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கத்திரி வெயில் காலம், சுவாதி நட்சத்திரம். சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு வரச் சொன்னார். கூடவே தன் தம்பி தினகரையும் அனுப்பினார். தம்பிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். வாயைத் திறந்தால் ‘டேய்’தான்.

பூஜை நன்றாகவே நடந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. சாமி மாலையைக் கட்டத்தான் வண்டியில் இடமில்லை, எல்லாம் வழுவழுவென்று இருந்தது. தினகரே ஒரு சிவப்புப் பட்டுத்துணியில் மாலையைச் சேர்த்து முடிந்து, பக்கவாட்டுக் கண்ணாடியில் தொங்கவிட்டான். ஊரப்பாக்கம் தாண்டும்போது பார்த்தால் மாலையைக் காணோம். காற்றில் பறந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கொஞ்ச தூரத்திலேயே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் சூடு. உடனே ஓரம்கட்டி அணைத்துவிட்டேன். தினகர் இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி, தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கூலன்ட் மூடியில் கை வைத்தான். “திறக்காதீங்க சார், மூஞ்சி வெந்துடும்!” என்று கத்தினேன். கேட்கவில்லை. காலரைப் பிடித்து இழுத்தேன். அவன் மல்லாக்க விழுந்தான். பீறிட்ட ஆவி என் கைமேல் அடித்தது. தோல் வழண்டு தொங்கியது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். அந்த அவமானம்தான் அவனுக்கு வெறியாக ஏறியது. முதல் அறையில் உதடு கிழிந்தது. கீழே விழுந்தேன். விலாவில் உதைத்தான். “வண்டிய நீதான் கெடுத்த. விரட்டி ஓட்டி இன்ஜின எரிச்சேன்னு வீடியோவுல சொல்லு. இல்ல, ஸ்டீயரிங் பிடிக்க உனக்குக் கையே இருக்காது!” என்று வெந்த கையை மிதித்தான்.

சொல்லிவிட்டால் என் பெயர் போய்விடும். அப்புறம் எவன் என்னை நம்பிச் சாவி கொடுப்பான்? சொல்லாவிட்டால் கை போய்விடும்.

அப்போதுதான் கும்பிட்டேன். பக்தியோடு இல்லை, வெறியோடு. நாளை என்பது நரசிம்மனிடம் இல்லை என்பார்கள். “அப்படின்னா இன்னைக்கே வா. இரணியன் வயித்தைக் கிழிச்ச மாதிரி இவன் வயித்தைக் கிழி. நான் கண்ணால பார்க்கணும்.” இதுதான் என் பிரார்த்தனை. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் வந்தபோதுதான் அவன் காலை எடுத்தான். அவர்களும் வண்டியைப் பார்த்துவிட்டு, கை வைக்கவே பயந்து போய்விட்டார்கள். வண்டியை ஏற்றிப்போக வந்த லாரிக்காரர்தான் சொன்னார்: “பம்மலாண்ட ஒரு மேடம் கீறாங்க சார். இந்த மாதிரி வண்டிதான் பாப்பாங்க. இன்னா, வாய்தான் பேஜாரு.”

ஸ்டெல்லா மேடத்தின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தி. வண்டியை உள்ளே தள்ளினோம். தாழ்ந்த வண்டி அல்லவா, வாசற்படியில் அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. பாதி உள்ளே, பாதி வெளியே.

“லைட் வந்ததும் எவ்ளோ தூரம் ஓட்டின?” என்று கேட்டார்.

“உடனே நிறுத்திட்டேன் மேடம்.”

“நிறுத்திட்டியா? அப்புறம் எதுக்கு உன்ன அடிச்சிருக்கான்?”

தினகர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, “பேசுடா” என்று வெந்த கையை முறுக்கினான். என் மறு கைக்கு ஒரு வீல் ஸ்பேனர் எட்டியது. எடுத்துவிட்டேன். அவன் மண்டை எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“ரெண்டு பேரும் கைய எடுங்கடா! அடிச்சுக்கணும்னா ரோட்டுக்குப் போங்க!” மேடம் போட்ட சத்தத்தில் ஷெட் அதிர்ந்தது.

அங்கேயே, படிமேலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடித்தகட்டைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார். எந்த டூலும் உள்ளே போகவில்லை. நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி இழுத்தார். வந்தது. கருகி, நனைந்து, கொழகொழவென்று நீளமாக. எங்கள் மாலை! பக்கவாட்டில் காற்று போகிற ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, ரேடியேட்டர் ஃபேனில் சுற்றி, அதை இறுக்கி நிறுத்தியிருக்கிறது. இரண்டு கையும் வேண்டுமே என்று, உருவ உருவ அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார் மேடம். சிலுவை டாலர், அதன்மேல் அந்தக் குடல் மாலை.

அந்தி நேரம். வாசற்படி. நகம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஸ்பேனர் தானாகக் கீழே விழுந்தது.

கடைசியில் சிவப்புப் பட்டுத்துணி வந்தது, முடிச்சு அவிழாமல். “இத யாரு கட்டுனது?” என்றார். தினகர் போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்தான்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். துணியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பெல்ட்டை உருவினார். தினகர் ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். என் கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா... விடாதீங்கண்ணா, கொன்னுடுவாரு” என்று நடுங்கினான். சின்ன வயதிலிருந்தே வாங்கிய அடி அந்த நடுக்கத்தில் தெரிந்தது.

நான் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் போதும், கேட்ட வரம் கிடைத்திருக்கும். ஆனால் கால் நகரவில்லை. முதல் வீச்சு என் தோளில்தான் விழுந்தது. “போதும் சார்,” என்றேன். “வயித்தைக் கிழிச்சாச்சு.” அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை இறங்கியது. என் கோபம் எங்கே போயிற்றென்று தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த மாலையோடு சேர்த்து அதையும் உருவி எடுத்துவிட்டான் நரசிம்மன். அன்றைக்கு அழுத மாதிரி நான் எதற்கும் அழுததில்லை.

சீக்கிரம் அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது என்று மேடம் முதலாளியிடம் சொன்னார். தினகர் வேறொரு வீடியோ எடுத்தான். “மாலைய நான்தான் கட்டினேன். டிரைவர் மேல தப்பில்ல” என்று அவன் வாயாலேயே சொல்லி, எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். இப்போது சுவாதிதோறும் பானகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு கோவிலுக்கு வருகிறான். தீபாராதனையில் அர்ச்சகர் நாமத்தை விலக்கி, அந்தக் கோவில் சாமிக்கு மட்டும் உள்ள நெற்றிக்கண்ணைக் காட்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறான்.

அன்பானவர்களே, கோபம் தணிந்த பிறகு கோவிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கப் போங்கள். வாயில் வருவதைக் கேளுங்கள். எந்த வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மாலை கொடுத்தால் மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.