வெள்ளைப் பூக் குழை

காலை ஆறே முக்கால். எங்கள் படலைக்கு வெளியே லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நின்றது. அதன் பின்பெட்டி நிறையப் பச்சைக் குழை. அதன்மேல் சவ்வரிசியைத் தூவியதுபோல வெள்ளைப் பூக்கள்.

அச்சுவேலியில் அப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். நடுவதற்கு முன்னர் சால் வெட்டிக் குழை தாழ்ப்பார். பூவரசிலை மண்ணுக்குள் அழுகிப் பசளையாகும். ஊரின் பூவரச வேலிகளெல்லாம் மதில்களாகிக்கொண்டிருந்த காலம், குழைக்குத் தட்டுப்பாடு.

விவசாயக் கந்தோரில் வேலைபார்த்த சித்தப்பா, பார்த்தீனியம் என்ற நச்சுக்களை எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பதிவதற்காக அன்று எங்கள் பக்கம் வந்தார். தேத்தண்ணி குடிக்கத்தான் முதலில் வீட்டுக்கு வந்தது. ஹெல்மெற்றைக் கழற்றாமலே பெட்டியருகே போனார். சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு செடியை இழுத்தார். கரட் இலை போன்ற இலையைத் திருப்பிப் பார்த்தார். பூவை நசுக்கினார். கறுப்பாக விதைகள் உதிர்ந்தன.

“அண்ணை, உது என்ன?”

“குழை.” அப்பா முழங்கையைச் சொறிந்தபடி சிரித்தார். “உங்கடை கந்தோர்தானே ஊர் முழுக்கப் பிடுங்கச் சொன்னது. பிடுங்கினதை எங்கை போடுறதெண்டு சனம் முழிச்சுது. நான் ஏத்திக்கொண்டு வந்திட்டன்.”

“பார்த்தீனியத்தை எரிக்கச் சொன்னனாங்கள். இது பூத்திட்டுது.”

“பூத்தால் என்ன? மண்ணுக்கை போயும் பூக்கப்போகுதே?”

“விதை மண்ணுக்கைதான் கனகாலம் உயிரோடை கிடக்கும், அண்ணை. நல்லகாலம், தாழ்க்காமல் வைச்சிருக்கிறியள்.”

அப்பாவின் சிரிப்பு நின்றது.

“இது கடைசிப் பெட்டி,” என்றார். “மற்றதெல்லாம் தாட்டாச்சு.”

சித்தப்பா கையிலிருந்த செடியோடு தோட்டப் பக்கம் திரும்பினார். தேத்தண்ணியோடு வந்த அம்மா படலையடியில் அப்படியே நின்றார். தோட்டத்துக்குப் போனோம். சால்கள் மூடி, சிவந்த மண் சீப்பால் வாரியிழுத்தது போல மட்டமாக இருந்தது. செடியொன்றை நிலத்தில் வைத்து, அளவு தெரிவதற்காகப் பேனையைப் பக்கத்தில் பிடிக்கும்படி சித்தப்பா என்னிடம் சொன்னார். போனில் படம் எடுத்தார், அதிலிருந்த வரைபடத்தில் இடத்தையும் குறித்தார்.

“எங்கடை தோட்டமும் மப்பிலை வருமோ, சித்தப்பா?”

“ஓம்.”

அன்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அதைச் சொன்னேன். என் விரல்களும் படத்தில் இருப்பதாகச் சொன்னேன். பின்னேரம் நான் திரும்பியபோதும் அப்பா வரம்பிலேயே இருந்தார். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. களைத்துப்போனார் என்று நினைத்தேன்.

கார்த்திகை மழைக்கு, வெங்காயத்துக்கு முன்னர் அது முளைத்தது.